புளியோதரைப் பையில் போன பாஸ்போர்ட்

வசந்தாமணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்த நீலப் பையிலிருந்துதான் தொடங்க வேண்டும். உள்ளே வெள்ளித் தாள் ஒட்டிய, சாப்பாட்டின் சூடு போகாமல் காக்கும் பை. ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எந்தத் தமிழ்க் குடும்பத்தின் கார் டிக்கியைத் திறந்தாலும் அப்படி ஒன்று கிடக்கும். கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போனாலும் அது கூட வரும், டல்லாஸில் கல்யாணம் என்றாலும் வரும். இந்தக் கோடையில் இத்தாலிக்கும் வந்திருந்தது. பீட்சா விளைகிற ஊருக்குப் போயுமா புளியோதரை என்று கேட்பவர்கள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அந்தப் பையில் சாப்பாடு மட்டும் இல்லை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்றில் குடும்பத்தின் நான்கு பாஸ்போர்ட்டும் டப்பாக்களுக்கு அடியில் இருந்தன. ரோமில் பிக்பாக்கெட் அதிகம் என்று சுகர் லேண்ட் வாட்ஸப் குழுவே சேர்ந்து பயமுறுத்தியிருந்தது. பக்கத்துத் தெரு புஷ்பவல்லி ஆன்ட்டிதான் யோசனை சொன்னவர். "ஹேண்ட்பேக்கதான் அவன் பாப்பான் வசந்தா. புளியோதரை டப்பாவ எவன் தொடப் போறான்? பெருங்காய வாசனைக்கே ஓடிப் போயிருவான்." வசந்தாமணிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஐந்து நாள் ரோமைச் சுற்றியதில் ஒரு திருடனும் பையைத் தொடவில்லை. தன் சாமர்த்தியத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்திருந்தது. பெருமைப்பட அவளுக்குக் கிடைக்கிற விஷயங்கள் குறைவு, அதனால் அதை நாம் குறை சொல்ல வேண்டாம்.

அவளுடைய கணவன் சபரிநாதனுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. ஹூஸ்டனில் எண்ணெய்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிற வேலை அவனுக்கு. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கம் வராத ஆள். நான்கு பாஸ்போர்ட்டுக்கும் நான்கு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியவன் அவன்தான். அவளுடையது மஞ்சள். "எங்கயாவது விட்டுருவ நீ" என்று முதல் நாள் சொன்னான். "விடமாட்டேனுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒத்துக்கொண்டான் என்றே அவள் நினைத்தாள்.

ஆறாம் நாள், ஓர்வியெத்தோ என்கிற மலை ஊருக்குப் போய் மாலையில் திரும்பிவிடுவதாகத் திட்டம். காலையில் எழுந்து வாடகை வீட்டின் குட்டி அடுப்படியில் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது, வேர்க்கடலைப் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலைத் தேடினாள். எப்போதும் தொங்கும் ஆணியில் இல்லை. பாத்ரூமில், முகம் கழுவும் பேசின் ஓரத்தில் இருந்தது. டீத்தூள் பாக்கெட்டும் அட்டைப்பெட்டி இல்லாமல் மேடையில் வெறுமனே கிடந்தது. பையன் ஆர்யனின் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். டப்பாக்களை அடுக்குவதற்கு முன் கவரைத் தொட்டுப் பார்த்தாள். தடிமனாக இருந்தது. மேலாக மஞ்சள் ஸ்டிக்கர் தெரிந்தது. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ரயில் ஒன்றே கால் மணி நேரம் ஓடியது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆலிவ் தோப்புகளைப் பார்த்தபடி வந்தாள். பார்க்க எளிமையான இந்தப் பயணத்துக்குப் பின்னால் ஏழு வருஷக் காத்திருப்பு இருந்தது. கோபிச்செட்டிபாளையத்தில் எம்.எஸ்சி. கணக்குப் படித்து, பொள்ளாச்சிக் கல்லூரியில் இரண்டு வருஷம் பாடம் எடுத்தவள் வசந்தாமணி. கல்யாணமாகி டெக்ஸாஸ் வந்த அன்றிலிருந்து எல்லாப் படிவத்திலும் அவள் பெயருக்கு எதிரே 'டிபெண்டன்ட்' என்று இருந்தது. அவனுடைய விசாவில் தொங்கிக்கொண்டுதான் அவளுடைய விசா, அவனுடைய தேதியோடுதான் அவளுடைய டிரைவிங் லைசென்ஸும் முடியும். பல வருஷம் வேலை பார்க்க அனுமதி இல்லை. அனுமதி வந்த பிறகு ஒரு டேகேரில் குழந்தைகளுக்கு எண்கள் சொல்லிக்கொடுக்கிறாள். இன்டக்ரேஷன் சொல்லிக்கொடுத்த வாயால் ஒன், டூ, த்ரீ. அதை அவள் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை, நமக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கிரீன் கார்டு வரிசை நகருகிற வேகம் எல்லோருக்கும் தெரியும். வெளிநாடு போனால் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை குத்திக்கொண்டுதான் திரும்ப உள்ளே வரமுடியும். இரண்டாயிரத்துப் பதினெட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது, சென்னையில் சபரிக்கு நாலே நாளில் முத்திரை விழுந்தது. அவளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். கூடுதலாகச் சரிபார்க்க வேண்டுமாம், எத்தனை நாள் என்று சொல்ல முடியாதாம். பிள்ளைகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள், அவர்களுக்குத் தடையில்லை. சபரியின் லீவு முடிந்தது. "வேற வழி இல்ல வசந்தா" என்று எட்டு வயது அனன்யாவையும் இரண்டு வயது ஆர்யனையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். விமான நிலையக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்தாள். நாலு மாதம் பதினொரு நாள். விசா வந்து அவள் ஹூஸ்டனில் இறங்கியபோது, ஆர்யன் புஷ்பவல்லி ஆன்ட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தான். "யாரு வந்திருக்கா பாரு" என்று ஆன்ட்டி கேட்டதற்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. அவன் மறுபடி அவள் மடியில் தானாக வந்து உட்கார மூன்று வாரமானது.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவர்கள் அமெரிக்காவைத் தாண்டவே இல்லை. போன டிசம்பரில்தான் துணிந்து போய் இருவரும் முத்திரை வாங்கிவந்தார்கள். "ஸ்டாம்பிங் ஆயிடுச்சு, மூணு வருஷத்துக்குக் கவல இல்ல. இப்ப சுத்தலேன்னா எப்ப சுத்தறது" என்று சபரிதான் இத்தாலிக்கு டிக்கெட் போட்டான்.

ஓர்வியெத்தோ ஸ்டேஷனிலிருந்து கயிறு இழுக்கும் பெட்டி வண்டி ஒன்று செங்குத்தாக மேலே கொண்டுபோய் விட்டது. மேலே இறங்கினால் ஒரு பூங்கா, பழைய கோட்டைச் சுவர், கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம். கண் கொள்ளாத காட்சிதான். குடும்பமாக ஒரு போட்டோ எடுக்கலாம் என்று ஒரு ஜப்பானியப் பெண்ணிடம் சபரி போனைக் கொடுத்தான். கொடுத்தவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"வசந்தா, அந்தப் பைய கீழ வை. ரோம்ல எடுத்த எல்லா போட்டோலயும் அந்தப் பை நிக்குது. ஒரு போட்டோவாவது பை இல்லாம இருக்கட்டும்."

"உள்ள இருக்குதுங்களே…"

"அட, ரெண்டு நிமிஷம். பெஞ்சுக்கு அடியில தள்ளு."

தள்ளினாள். நான்கு பேரும் சிரித்தார்கள். போட்டோ நன்றாகவே வந்தது. போனைத் திரும்ப வாங்குவதற்குள் ஆர்யன் அங்கே இருக்கிற பெரிய கிணற்றை நோக்கி ஓடிவிட்டான். கிணறு என்றதும் எந்தத் தாய்க்கும் கால் தானாக ஓடும். பின்னாலேயே ஓடி அவன் கையைப் பிடித்தாள். சபரி டிக்கெட்டோடு வந்தான், கூட்டம் தள்ளியது, நான்கு பேரும் உள்ளே இறங்கினார்கள்.

அது சாதாரணக் கிணறு இல்லை. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், முற்றுகை வந்தால் மலைமேல் தண்ணீர் வேண்டுமே என்று தோண்டியது. உள்சுவரைச் சுற்றி இருநூற்று நாற்பத்தெட்டுப் படி இறங்க வேண்டும். ஏறுவதற்கு வேறு படி. தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளக் கூடாது என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஏறுகிறவர்களை எதிர்ப்பக்க ஜன்னலில் பார்க்கலாம், ஆனால் வழியில் சந்திக்க முடியாது. அடியில் தண்ணீருக்கு மேலே ஒரு சின்னப் பாலம். அதில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தபோதுதான், தன் இடது தோள் லேசாக இருப்பதை வசந்தாமணி உணர்ந்தாள்.

பையை எடுக்கவே இல்லை. வந்த படியிலேயே திரும்பி ஓடப் பார்த்தாள். இறங்கி வந்துகொண்டிருந்தவர்கள் கையைக் காட்டி மறுபக்கம் போகச் சொன்னார்கள். சபரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அங்கேயே தொடங்கிவிடுவான், சொல்லாமல் போய் எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று ஒரு நப்பாசை. முட்டி வலியோடு ஏறினாள். நூறாவது படியில் மூச்சு வாங்கியது. இருநூறாவது படியில் தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்திருந்தாள். வெளியே வெயிலில் வந்து பெஞ்சுக்கு ஓடிக் குனிந்து பார்த்தாள். அடியில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் முன்னால் பெருக்கிச் சுத்தம் செய்த ஈரத் தடம்தான் இருந்தது. அவள் திருடனைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தாள். குப்பை அள்ளுகிறவர்களைப் பற்றி புஷ்பவல்லி ஆன்ட்டியும் யோசிக்கவில்லை.

சபரியும் பிள்ளைகளும் மேலே வந்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பை போயிருச்சுங்க."

"எந்தப் பை?"

"சாப்பாட்டுப் பை. நாலு பாஸ்போர்ட்டும் அதுலதான். நான் விட்டுட்டனுங்க. நாந்தான் விட்டுட்டேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. சட்டைமேல் போட்டிருந்த கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நாலு இல்ல. ஒண்ணுதான் போயிருக்கு. மூணு என்கிட்ட இருக்கு."

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான், அதைச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுடையது பத்திரம். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். அது முடியும்போதுதான் எந்த ஒன்று போயிருக்கிறது என்பது புரிந்தது.

"எப்ப எடுத்தீங்க?"

"காலைல. கிளம்பற அவசரத்துல, கைக்கு வந்தத எடுத்தேன்."

"என்னோடது கைக்கு வரலைங்களா?"

"வசந்தா, இப்ப அதப் பேசற நேரமா?" என்றவன் போனை எடுத்தான். இரண்டே நிமிஷத்தில் அவனிடம் திட்டம் இருந்தது. "நாளன்னிக்கு காலைல ஃபிளைட். நம்ம எம்பசில புது பாஸ்போர்ட் வாங்கிரலாம், அது பிரச்சின இல்ல. விசாவுக்குத்தான் அப்பாயின்ட்மென்ட் பாக்கணும். நீ ரோம்லயே இரு. முடியலேன்னா ஊருக்குப் போய் சென்னைல அப்ளை பண்ணு. திங்கக்கிழம எனக்கு கிளையன்ட் ரிவ்யூ. பசங்கள நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

எவ்வளவு சீக்கிரம் கணக்குப் போட்டுவிட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஏழு வருஷத்துக்கு முந்தைய கணக்கு அவன் மனசில் அப்படியே தயாராக இருந்திருக்கிறது. அழுகை வந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று அடக்கினாள், அடங்கவில்லை.

"அப்பா, வீ கேன்ட் ஜஸ்ட் லீவ் ஹர் ஹியர்" என்றாள் அனன்யா.

"யாரும் விட்டுட்டுப் போகல கண்ணு. டெம்பரரியாதான்."

டெம்பரரி என்ற சொல்லை அவன் அன்றைக்குச் சென்னையிலும் சொல்லியிருந்தான். ஆர்யன் அவள் துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான்.

அனன்யாதான் டிக்கெட் கவுன்டருக்குப் போய்ப் பேசினாள். அங்கிருந்த அம்மாள் இரண்டு மூன்று இடத்துக்குப் போன் செய்தாள். காத்திருக்கச் சொன்னாள். ஒன்றரை மணி நேரம் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஊரின் பேர்பெற்ற தேவாலயத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. பசிக்கிறது என்று ஆர்யன் ஒருமுறை சொன்னான், சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். வசந்தாமணி கோபியில் தம்பி வீட்டு மாடியறையை நினைத்துப் பார்த்தாள். போன முறை அங்கேதான் இருந்தாள். நாலு மாதமும் வீடியோ காலில் பையனின் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. இந்த முறை ஒன்பது வயது, மறக்கமாட்டான். ஆனால் பழகிக்கொள்வான். பழகிக்கொள்வதும் ஒரு மாதிரி மறப்பதுதானே என்று நினைத்தாள்.

மூன்று மணிக்குச் செய்தி வந்தது. பூங்காவைப் பெருக்கியவர் பையைக் குப்பை வண்டியில் போட்டிருக்கிறார். கனமாக இருக்கிறதே என்று வண்டிக்காரர் திறந்து பார்த்து நகர போலீஸ் அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். நான்கு பேரும் கல் பாவிய சந்துகளில் ஓடாத குறையாக நடந்தார்கள்.

அலுவலகத்தில் ஓர் இளம் பெண் அதிகாரி இருந்தாள். மேசைமேல் நீலப் பை. அதைப் பார்த்ததும் வசந்தாமணி கைகூப்பிவிட்டாள். அதிகாரி முறைப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எழுதிக்கொண்டாள். டப்பா நான்கு, கரண்டி ஒன்று, தண்ணீர் பாட்டில் இரண்டு. அறை முழுக்கப் பெருங்காய வாசனை. கடைசியில் பிளாஸ்டிக் கவர். அதைத் திறந்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பாஸ்போர்ட்டை எடுத்துப் புகைப்படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தலையசைத்தாள். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் ஊறியிருந்தது. விசாப் பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கவரில் இன்னும் ஏதோ இருந்தது. அதிகாரி அதையும் வெளியே எடுத்தாள். மூன்று அட்டைகள். டீத்தூள் பெட்டியை வெட்டி, தடிமனுக்காக இரண்டாக மடித்து, சரியாகப் பாஸ்போர்ட் அளவுக்குச் செய்தவை. மூலைகளைக்கூட விடாமல் வளைத்து வெட்டியிருந்தது. அவ்வளவு துல்லியமாக வெட்டக்கூடியவன் அந்தக் குடும்பத்தில் ஒருவன்தான் உண்டு.

"இவையும் உங்களுடையதா?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டாள்.

கத்தரிக்கோல் ஏன் பாத்ரூமில் இருந்தது என்பது வசந்தாமணிக்கு விளங்கியது. அவசரத்தில் எடுக்கவில்லை. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, அளந்து வெட்டி, மூன்றை எடுத்துக்கொண்டு, அவள் தொட்டுப் பார்த்தால் தடிமன் குறையக்கூடாது என்று மூன்று அட்டையைச் செருகி, பார்த்தால் தெரியட்டும் என்று அவளுடையதை மேலாக வைத்திருக்கிறான். பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளு என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதும் அதனால்தான். சபரி சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அனன்யா அட்டைகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"ஆமா, எங்களோடதுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வசந்தாமணி கையெழுத்துப் போட்டாள்.

ரயிலில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். டப்பாவைத் திறந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். ஆர்யன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனான். அனன்யா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாட்டு ஓடுகிறதா என்பது சந்தேகம்தான்.

"நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல" என்று சபரி தொடங்கினான். "நீ எங்கயாவது விட்டுருவன்னு எனக்கு பயம். கடைசில அப்படித்தான ஆச்சு?"

"ஆமாங்க. நீங்க நெனச்சது சரியாப் போச்சு. விட்டுட்டேன்" என்றாள் வசந்தாமணி. குரல் உயரவில்லை. "விட்டுருவன்னு தெரிஞ்சுதான மூணப் பத்திரமா எடுத்தீங்க? அப்ப என்னோடத எப்படி அதுலயே வச்சுட்டுப் போக மனசு வந்துச்சு?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கெட்டவன் இல்லை சபரி. அவளை விட்டுவிட வேண்டும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. எதையெல்லாம் இழக்கக்கூடாது என்று எண்ணிப் பார்த்தபோது மூன்றோடு நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இன்னிக்குக் கெடைக்கலேன்னா போயிருப்பீங்களா?"

ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. "பசங்களுக்கு வேற யாரு இருக்கா வசந்தா" என்றான் அவன். பிறகு, பேச்சை முடிக்கிறவன் மாதிரி கையை நீட்டினான். "சரி, குடு. நாலையும் நானே ஒண்ணா வச்சுக்கறேன். இனிமே இந்தப் பிரச்சினையே வேண்டாம்."

வசந்தாமணி கவரைத் திறந்தாள். தன் பாஸ்போர்ட்டை எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தாள். மிச்சமிருந்த மூன்று அட்டைகளை நேராக அடுக்கி அவன் கையில் வைத்தாள்.

"இது உங்களோடது" என்றாள்.

ரயிலில் அவற்றை எங்கே போடுவதென்று தெரியாமல் அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். அனன்யா பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டின் உள்பையில், மற்ற மூன்றோடு சேர்த்து வைத்துக்கொண்டான். மறுநாள் முழுக்க அவற்றைத் தூக்கிப் போடவும் அவனுக்குத் துணிவு வரவில்லை. ஹூஸ்டனில் இறங்கி, குடியேற்ற அதிகாரி முன்னால் குடும்பமாக நின்று கோட்டுப் பைக்குள் கையை விட்டபோது, முதலில் வெளியே வந்தது அந்த அட்டைகள்தான். வசந்தாமணி பக்கத்தில் நின்று தன்னுடையதைத் தானே நீட்டினாள்.